அம்மா ஏறாத வண்டிகள்

ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் அவர் கண் விழித்தார். எதிர் சீட்டில் அம்மா இல்லை. ஜன்னலுக்கு வெளியே, பிளாட்பாரத்தில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீடு வந்து சேர்ந்த நிம்மதியோடு நின்றிருந்தாள். கதவுக்கு ஓடிப்போய்க் குதித்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது. பையும், அதிலிருந்த அம்மாவின் மாத்திரைகளும் வண்டியோடு போயின.

"நம்ம ஊரு வந்துடுச்சு. நீ பாட்டுக்குத் தூங்குறியே" என்றாள் அம்மா.

அது யாருடைய ஊரும் இல்லை. அண்ணன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில், வண்டி இரண்டு நிமிஷம் நின்று போகிற ஒரு நிலையம். நாலு வருஷம் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணன், இனி முடியாது என்று போன வாரம் சொல்லிவிட்டார். காலையில் அண்ணி தெரு முனைவரை வந்து வழியனுப்பினாள். அந்த முகத்தில் தெரிந்த ஆசுவாசத்தைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

அவருக்கு வேலை பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. எந்த ஊருக்கு எப்போது வண்டி, எங்கே இறங்கி மாறினால் நாற்பது ரூபாய் மிச்சம், எது பேருக்கு மட்டும் விரைவு வண்டி என்பதெல்லாம் விரல் நுனியில். அதனால் முதலில் அவர் பதறவில்லை. இரண்டே முக்காலுக்கு ஒரு பாசஞ்சர் உண்டு, ஆளுக்கு எண்பது. வந்தது. அம்மா தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இது நம்ம வீட்டுக்குப் போகாது." அவர் விரல்களைப் பிரித்து எடுப்பதற்குள் வண்டி போய்விட்டது.

வெளியே பஸ் இருந்தது. ஒரு இடத்தில் மாற வேண்டும், நூற்று நாற்பது. அம்மா படியில் ஒரு காலை வைத்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், காலை எடுத்துவிட்டாள்.

"ஏறுறதா இருந்தா ஏறுங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்றார் கண்டக்டர்.

மனைவி போன் செய்தாள். "இன்னும் கிளம்பலையா? ஏதாவது ஒரு வண்டியப் பிடிச்சு வாங்க. உங்களுக்குத் தெரியாத வண்டியா?"

கடைசியில் டாக்ஸி. நாலாயிரத்து ஐநூறு என்றான் டிரைவர், நாலாயிரத்துக்கு இறங்கினான். சம்பளத்தில் கால்வாசி. சரி என்றார். கதவைத் திறந்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினார், அதட்டினார், அப்பா வீட்டில் காத்திருப்பதாகப் பொய்கூடச் சொன்னார். பிறகு டிரைவர் காலைப் பிடிக்க, அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். இத்தனை லேசாக இருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

"ஐயோ, யாரோ என்னைத் தூக்கிட்டுப் போறாங்களே!"

கூட்டம் கூடிவிட்டது. டிரைவர் காலை விட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல விலகி நின்றான். பழக்கடைக்காரம்மா வந்து அம்மா பக்கத்தில் குந்தினாள். "பயப்படாதீங்கம்மா. இவர் யாரு?"

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தாள். "நல்ல பிள்ளை மாதிரிதான் இருக்கு. யாருன்னு தெரியலையே."

அவர் அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் அவர் பேர் இருந்தது, அப்பா பேர் இருந்தது, ரத்த வகைகூட இருந்தது. அம்மாவின் பேர் எங்கும் இல்லை. "நான் இவங்க பையன்தாங்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அவருக்கே நம்பும்படியாக இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஆமாங்க, என் தம்பிதான். அது எங்கம்மாதான்" என்றார் அண்ணன். கொஞ்சம் நிறுத்தி, "டேய், திரும்ப இங்க மட்டும் கூட்டிட்டு வந்துடாதடா" என்றார்.

கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பழக்கடைக்காரம்மா அவர் முழங்காலைப் பார்த்து, கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொடுத்தாள்.

நிழற்கூரையின் கீழ் இருந்த பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்தார். ராத்திரி மாத்திரைக்கு என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது, அதுவும் வரவில்லை. வெயில் இறங்க இறங்க அம்மாவின் தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் அவர் தோளில் வந்து தங்கியது. மூச்சு சீராகிவிட்டது.

டிரைவர் சத்தமில்லாமல் வண்டியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"சார், நல்லாத் தூங்குறாங்க. இப்போ தூக்கிடலாம்" என்று கிசுகிசுத்தான்.

அம்மாவின் கை அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தது. அவர் ஒவ்வொரு விரலாக விலக்கினார். நாலாவது விரலுக்கு வந்தபோது முதல் விரல் மறுபடி மடங்கியது. தூக்கத்திலேயே முழுக் கையும் திரும்ப மூடிக்கொண்டது. டிரைவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். திறந்த கதவுக்குள், காலியான பின் சீட்டின் மேல், சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.