ஒரே சரக்கு, அறுபத்து மூன்று லேபிள்

"ஒரு பாடம்கூடப் படிக்காம பல்கலைக்கழகத்துக்கே வாத்தியார் ஆனவன் நான் ஒருத்தன்தான் மாப்ளே" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"என் காதுல இன்னும் எத்தனை முழம் பூ சுத்தப் போறீங்க அத்தான்?" என்றார் மனைவியின் தம்பி. அவரும் அதே கம்பெனி, டெஸ்பாட்ச் பிரிவு. மாத ஆரம்பத்தில் இருவர் தலைமேலும் ஒரே கத்தி தொங்கியது: மாதக் கடைசிக்குள் இணையப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு புதுத்திறன் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

பட்டியலைத் திறந்தால் நாலாயிரத்துச் சொச்சம் பாடங்கள். முப்பது வருஷமாக எண்ணிப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடாத மனுஷன் சும்மா இருப்பாரா? பாடத்துக்கு ஓர் இருப்பு அட்டை எழுதத் தொடங்கினார். மேசை, கட்டில், ஃபிரிட்ஜ் கதவு எல்லாம் அட்டை. கடைசியில் வீட்டில் கால் வைக்க ஒரே ஒரு டைல்ஸ்தான் மிச்சம். மனைவி அதில் நின்றபடியே பல் தேய்த்து, சமைத்து, அவரைத் திட்டியும் முடித்தாள்.

இருபது நாள் போயிற்று. பாடம் எதையும் தேர்ந்தெடுத்தபாடில்லை. ஆனால் குட்டு உடைந்தது. தலைமைப்பண்பு என்ற ஒரே பாடம் அறுபத்து மூன்று தலைப்புகளில் உலவியது. அதே ஆள், அதே கோட்டு, அதே பேச்சு. டை மட்டும் மாறியது. நேர மேலாண்மைப் பாடமோ தொடங்கவே நாலு மாதம் தாமதம்.

சப்ளையருக்கு எழுதுவதுபோலவே பல்கலைக்கழகத்துக்கும் எழுதிப்போட்டார்: 'ஒரே சரக்கு, அறுபத்து மூன்று லேபிள். அறுபத்திரண்டைக் கழித்துவிடவும்.'

அவர்கள் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: 'உங்களுக்கேற்ற பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' அதை நடத்த இவரையே கூப்பிட்டார்கள். சான்றிதழ் கேட்ட கம்பெனி, சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவரை வீட்டுக்கு அனுப்ப வழி தெரியாமல் விழித்தது.

இதையெல்லாம் மைத்துனர் நம்பவேயில்லை. மாதத்தின் கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு, தலைப்பைக்கூடப் பார்க்காமல் பட்டியலிலேயே சின்னப் பாடமாகத் தேடிப் பிடித்தார். இரண்டே மணி நேரம். திரை திறந்தது. தெரிந்த ஃபிரிட்ஜ், கதவு நிறைய அட்டைகள், அதன் முன்னால் டை கட்டிக்கொண்டு அத்தான்.

இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து கேட்டார். வேறு வழி? முடிவில் ஒரு கட்டம் வந்து நின்றது: ஆசிரியரைப் பற்றி ஒரு வரி எழுதினால்தான் சான்றிதழ்.

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்: 'நடந்தது நெசந்தான், அத்தான்.'