இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம்

என் நிறம் என்னைவிட்டு இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான், இதற்காகவெல்லாம் லீவு போட முடியாது என்று பல் துலக்கிக்கொண்டே யோரீன் நினைத்தாள். கண்ணாடியில் அவள் உருவத்தின் கோடுகள் அதனதன் இடத்தில்தான் இருந்தன. மூக்கின் விளிம்பு, காது மடல், கழுத்தெலும்பு எல்லாம் மெல்லிய கருங்கோடுகளாகத் தெரிந்தன. தோலின் இளஞ்சிவப்பும் தலைமுடியின் வைக்கோல் மஞ்சளும் உதட்டுச் சிவப்பும் மட்டும் அந்தக் கோடுகளுக்குள் அடங்காமல் ஒரு பக்கமாக வழிந்து நின்றன. வலது ஓரத்தில், நிறம் விட்டுப்போன இடத்தில், வெறும் காகித வெள்ளை. தலையைச் சட்டென்று திருப்பிப் பார்த்தாள். நிறமும் அதே வேகத்தில், அதே இடைவெளியோடு திரும்பியது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எதிர்க்காற்றில் பாலத்தைக் கடந்து, தெற்கு ராட்டர்டாமிலிருந்த பட்டறைக்குப் போனாள்.

பட்டறை ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் குழுவுக்கு ‘ஒரே கை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நாடக அரங்குகளுக்கும் இசை விழாக்களுக்கும் சுவரொட்டி வடிவமைத்துத் தாங்களே அச்சடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். ஒரு தாள் மேசையைச் சுற்றி வரும். ஒருவர் ஒரு கோடு இழுப்பார், அடுத்தவர் ஓர் எழுத்தை வைப்பார், இன்னொருவர் அதன் பாதியை அழிப்பார். யார் எதைச் செய்தார் என்று வெளியே சொல்லக் கூடாது. தாளின் கீழே யார் பெயரும் வராது. ‘என்னுடையது’ என்று மேசையில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், அன்று மதியம் எல்லோர் தட்டுகளையும் அவர்தான் கழுவ வேண்டும். இந்த விதியை வகுத்தவன் லாமர்ட். ஐம்பதைத் தாண்டியவன், கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவன். அவன் ஒருநாளும் தட்டு கழுவியதில்லை. ‘நம்முடையது’ என்று அவன் சொல்லும்போதெல்லாம் அது அவனுடையது என்று மற்றவர்கள் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். சேர்ந்த புதிதில் யோரீன் அடிக்கடி தட்டு கழுவினாள். பிறகு அந்தச் சொல்லை மறந்தாள். அதை மறப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவளைக் குழுவுக்கு அழைத்து வந்தவள் ஓவியப் பள்ளித் தோழி ஹெஸ்டர். அந்த வருடம் ஒரு நாடக விழாச் சுவரொட்டிக்கு நிற்கும் பெண் உருவம் ஒன்று தேவைப்பட்டது. நிற்க யாருக்கும் பொறுமையில்லை. “நீ நில்லுடி. உன் முகம் அச்சுக்கு எடுப்பா இருக்கும். அதுல ஒண்ணுமே இல்ல பாரு, தொந்தரவே கிடையாது” என்றாள் ஹெஸ்டர். யோரீன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் உள்ளுக்குள் அந்தச் சூட்டில் குளிர்காய்ந்தாள். ஹெஸ்டர் கோடு வரைந்தாள், லாமர்ட் நிறம் வைத்தான். அவர்களுடைய எந்திரம் ஒரு நேரத்தில் ஒரே மையைத்தான் பதிக்கும். அடுத்த மைக்குத் தாளை மறுபடி உள்ளே விட வேண்டும், அப்போது தாள் கொஞ்சம் நழுவும். மற்ற அச்சகங்களில் இதற்குத் திட்டு விழும், தாள் குப்பைக்குப் போகும். இவர்களோ முதல் தாள் வந்ததும் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம். லாமர்ட் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். “யாரும் எதையும் தொடாதீங்க. இதுதான்” என்றான். அப்படியே அடித்தார்கள். மறுநாளே டிராம் நிறுத்தங்களிலும் கால்வாய்ச் சுவர்களிலும் இரண்டு மில்லிமீட்டர் நழுவிய யோரீன் நின்றாள். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அவள் கண்ணாடி பார்த்தாள்.

பட்டறையில் யாரும் பதறவில்லை. லாமர்ட் பூதக்கண்ணாடியை அவள் கன்னத்தில் வைத்து அளந்து, சுவரொட்டியில் இருந்த அதே அளவுதான் என்று திருப்தியோடு சொன்னான். “எனக்கு வந்திருந்தா ஆடியே இருப்பேன்டி” என்றாள் ஹெஸ்டர். அதில் பொய் இல்லை. குடும்ப டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்தும் சரியாகவில்லையென்றால் வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் அந்தச் சுவரொட்டி நாடெங்கும் பேசப்பட்டது. எல்லா ஊர்களிலிருந்தும் அதே போல வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கோபன்ஹேகனிலும் பெர்லினிலும் சிலர் இதைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். ஆனால் அவர்களுக்காக நின்ற பெண்களின் நிறம் நகரவில்லை. அதனால் அவர்களுடைய சுவரொட்டிகளில் உயிரில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

ஒவ்வொரு புதிய சுவரொட்டிக்கும் லாமர்ட் தாளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். நாலைந்து வருடங்களில் யோரீனின் நிறம் அவளிடமிருந்து ஒரு சாண் விலகி நின்றது. ஊர் பழகிக்கொண்டது. டிராமில் அவள் உட்கார்ந்தால் இடப்பக்க இருக்கையைக் காலியாக விட்டார்கள். பழகாதவள் அவள் மட்டும்தான். குளிர், பசி, சைக்கிள் மிதிக்கும்போது வரும் முழங்கால் வலி எல்லாம் கோட்டின் பங்காயின. ஆசைப்படுவதும் வெட்கப்படுவதும், யாராவது பாராட்டினால் உள்ளே சூடு பரவுவதும் நிறத்தோடு போய்விட்டன. லாமர்ட் ‘நல்லா இருக்கு’ என்றால், ஒரு சாண் தள்ளிக் காற்றில் நின்ற கன்னம் சிவப்பதை அவள் வெளியிலிருந்து பார்த்தாள். இன்னொருத்தி சந்தோஷப்படுவதை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. அந்த இன்னொருத்தி தான்தான் என்று ஒவ்வொரு தடவையும் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சில நாள் சொல்லிக்கொள்ள மறந்தாள்.

கடைசியில் இடது தோளும் இடது கையும் மட்டும் கோடும் நிறமும் ஒட்டிய இடமாக மிஞ்சின. அந்தக் கையால் ரொட்டியைத் தொட்டால்தான் ரொட்டி பிடித்திருந்தது. அடுத்ததாகத் துறைமுக விழாவுக்கான சுவரொட்டி தயாராகிக்கொண்டிருந்தது. அது அச்சானால் தோளும் கையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டில், பட்டாணி சூப்பை எல்லோரும் ஊற்றிக்கொண்ட பிறகு, அவள் வாய்திறந்தாள்.

“ஒரே ஒரு போஸ்டர் கோடும் நிறமும் ஒண்ணுமேல ஒண்ணு உக்கார்ற மாதிரி அடிக்கலாமா? ஒரு தாள் போதும். ஒட்டக்கூட வேண்டாம்.”

லாமர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். “ஒழுங்கா உக்கார்ற போஸ்டர் எல்லாப் பயலும் அடிக்கிறான். அப்புறம் நம்மகிட்ட எதுக்கு வரணும்?”

“பயமா இருக்கு லாமர்ட். என் நிறம் போயிடும்.”

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “கேட்டீங்களா? ‘என்’ நிறமாம்.”

முதலில் சிரித்தவள் ஹெஸ்டர். “மாட்டினியாடி! இத்தனை வருஷம் கழிச்சு!”

“நிறம் நம்மளோடது, கண்ணு. தட்டு மட்டும்தான் உன்னோடது” என்றான் லாமர்ட், மிகவும் அன்பாக.

அவள் எழுந்து தட்டுகளைக் கழுவினாள். பட்டாணி சூப் காய்ந்தால் சுலபத்தில் போகாது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் குழுவின் வழக்கப்படி, தாளை இந்த முறையும் நகர்த்தலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஜன்னல் கண்ணாடியில் கைகள் உயர்வதைப் பார்த்தாள். ஹெஸ்டரின் கையும் உயர்ந்தது. அதைவிட, தன்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி, கோடில்லாத ஒரு வலது கை, இளஞ்சிவப்பாக, கூச்சத்தோடு மெல்ல உயர்ந்தது. அவளுடைய கைகள் இரண்டும் அப்போது சோப்புத் தண்ணீரில் இருந்தன.

துறைமுக விழாச் சுவரொட்டி அச்சான மாலை, வீட்டுக்குக் கிளம்ப யோரீன் எழுந்தபோது நிறம் எழவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து லாமர்ட் சொன்ன எதற்கோ சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது அதனிடம் கிளம்பச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். அவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். வழியெல்லாம் மழை. அது அவள் கோடுகளுக்கு நடுவே தடையில்லாமல் விழுந்து சைக்கிள் இருக்கையை நனைத்தது. அவளோடு வசித்த காதலன் யெல்லே ஒரு வாரம் வீட்டுக்கும் பட்டறைக்கும் அலைந்தான். பிறகு நிறத்தோடு இருக்கப் போய்விட்டான். அந்த ஊரில் எதைச் சொன்னாலும் நேர்மை என்று சொல்லித்தான் சொல்வார்கள், அவனும் நேர்மையாகவே பேசினான். “உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல யோரீன். ஆனா சிரிக்கிறது அவதானே” என்றான். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது நகராட்சி ஊழியர், புகைப்படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதன்பின் அவள் வெளிநாடு போகவில்லை.

பட்டறைக்குப் போவதை நிறுத்தினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது அங்கேயே இருந்தது. கப்பல்களுக்கு உயிர்காப்புப் படகு செய்யும் கம்பெனி ஒன்றில் விளக்கப்படம் வரையும் வேலை கிடைத்தது. படகில் எப்படி ஏறுவது, கயிற்றை எந்தப் பக்கம் இழுப்பது, குழந்தையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று முகமில்லாத மனிதர்களை வெறும் கோட்டில் வரைய வேண்டும். அங்கே யாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை. கோடு தெளிவாக இருந்தால் ஆள் பிழைப்பான். அவள் கோடு மிகத் தெளிவாக இருந்தது. அதில் சந்தோஷம் இல்லை, சந்தோஷம் இல்லையே என்ற குறையும் இல்லை. வருடங்கள் போயின.

இதற்கிடையில் நிறம் புகழ்பெற்றது. அருங்காட்சியகம் ஒன்று அதைக் கண்ணாடிக் கூரையுள்ள கூடத்தில் நிற்க வைத்தது. அவர்கள் பயன்படுத்திய மை தவிட்டெண்ணெய் மை. முழுசாகக் காயாது, வெளிச்சம் பட்டால் வெளிறும். அதனால்தான் தாள்களை இழுப்பறையில் மூடி வைப்பார்கள். நிறத்தை யாரும் மூடி வைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆசையோடு தொட்டுப் பார்த்து விரல் நுனியில் இளஞ்சிவப்போடு வீட்டுக்குப் போனார்கள். முதலில் தலைமுடியின் மஞ்சள் போயிற்று. அப்புறம் யெல்லே போனான், இம்முறையும் நேர்மையாக. உதட்டுச் சிவப்பும் கரைந்து, கூடத்தில் ஒரு மங்கலான கறை நின்றது. ஆட்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு முற்பகலில் லாமர்ட்டும் ஹெஸ்டரும் யோரீனின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சாமான் ஏற்றும் சைக்கிளின் முன்பெட்டியில், சாம்பல்நிற அட்டை ஒன்றின் கீழ், நிறத்தை மடக்கி உட்கார வைத்திருந்தார்கள். லாமர்ட்டுக்கு வயதாகியிருந்தது. அடுத்த வாரம் அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சித் திறப்பு விழா, பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றான். எந்திரத்தைச் சரிபண்ணி வைத்திருக்கிறோம், அவள் வந்து நின்றால் கோட்டின் மேல் நிறத்தை மயிரிழை பிசகாமல் உட்கார வைத்துவிடலாம், கோட்டோடு சேர்ந்துவிட்டால் நிறம் மறுபடி ஊறிவிடும், பிறகு எல்லாம் பழையபடி என்றான். பழையபடி என்பதை இரண்டு தடவை சொன்னான்.

“உனக்காகத்தான்டி வந்தோம். ஒரு நிமிஷம் நின்னாப் போதும். நீ கேட்டது தானே இது?” என்றாள் ஹெஸ்டர்.

யோரீன் பெட்டிக்குள் பார்த்தாள். வெயிலில் அதன் முகம் ஏறக்குறைய இல்லை. இருந்த கொஞ்சமும் அவள் பக்கம் திரும்பவில்லை. லாமர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, அவனுக்குத் திருப்திதானா என்று. சேர்ந்துகொண்டால் இந்த வெயில் இதமாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். ரொட்டி பிடிக்கும். ஜன்னலுக்கு வெளியே யாராவது விசிலடித்துக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். லாமர்ட் ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல மாட்டானா என்ற தவிப்பும் கூடவே வந்துவிடும். அதையும் இதையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் எந்திரம் எந்த அச்சகத்திலும் இல்லை. எல்லாம் ஒரே மை.

“செத்துடும்டி அது. பாரு, உன் கண்ணு முன்னாடியே” என்றாள் ஹெஸ்டர். அவள் அழுதாள். உண்மையான அழுகைதான்.

“தெரியுது” என்றாள் யோரீன்.

குனிந்து, நழுவிக் கிடந்த அட்டையை எடுத்து அந்த முகத்துக்கு வெயில் படாதபடி சரித்து வைத்தாள். அது அப்போதும் அவளைப் பார்க்கவில்லை. தெருவில் போன ஒருவர் கோடாக நின்றவளுக்கும் பெட்டிக்குள் இருந்ததற்கும் சேர்த்துக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

“திரும்பிப் போகும்போது நிழலாப் பாத்துப் போங்க” என்றாள். “நான் வரல.”