ஆறு வருஷத்து ரிசல்ட்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பானுப்ரியாவுக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் வடிந்த பிறகு, டாக்டர் ஏஞ்சலின் அவளை உள்ளே கூப்பிட்டார். ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"பானு, உங்க அப்பாவுக்கு இருந்த வியாதியைப் பத்தி வேற ஒரு பேஷன்ட்டுக்காகத் தேடிக்கிட்டு இருந்தேன். இதைப் பாரேன். எனக்கென்னமோ இது உங்க குடும்பம் மாதிரித் தெரியுது."

கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. தென்தமிழ்நாட்டு விவசாயக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வரும் சிறுமூளைத் தேய்வு நோய், அதற்குக் காரணமான மரபணு, நான்கு தலைமுறை, இருபத்து மூன்று ரத்த மாதிரிகள். கீழே ஒரு வரைபடம். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். செத்துப்போனவர்களின் மேல் குறுக்காக ஒரு கோடு.

"இது எப்ப வந்துச்சு டாக்டர்?"

"நாலு வருஷம் ஆச்சும்மா."

பானு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி ஆத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லிகையும் கனகாம்பரமும் போட்டவர். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. வரப்பில் நடந்தால் பாத்திக்குள் சரிந்து விழுவார். அப்புறம் நாக்கு குழறியது. வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதரை, "குடிச்சிட்டு பஸ்ல ஏறாதய்யா" என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்ட கதையெல்லாம் உண்டு. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர். விட்டமின் ஊசி போட்டார் இன்னொருவர். ஐம்பத்து நான்கில், குடித்த கஞ்சி புரையேறி நெஞ்சுச் சளியாகி, போய்ச் சேர்ந்தார். அதற்குள் அவர் தங்கை பொன்னழகுக்கும் கால்கள் விழுந்துவிட்டிருந்தன.

அவர் செத்த மறு வருஷம், மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டர் சொல்லி, வடக்கே எங்கோ பெரிய நகரத்து ஆய்வு நிறுவனத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். அதில் தமிழ்நிலா என்ற பெண்ணுக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். பானுவிடம் அவள்தான் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து விளக்கினாள்.

"மரபணுங்கறது எழுத்து மாதிரிங்க. ஒரு இடத்துல மூணு எழுத்து திரும்பத் திரும்ப வருமுங்க. இத்தனை தடவைக்குள்ள நின்னுட்டா ஒண்ணும் பண்ணாது. அதைத் தாண்டிப் போச்சுன்னா சிறுமூளை கொஞ்சங் கொஞ்சமாச் செத்துப்போயிருமுங்க. அப்பாவுக்கு இருந்தா, பிள்ளைங்களுக்கு வர்றது பாதிக்குப் பாதிங்க."

சொந்தக்காரர்கள் ஊசி என்றதும் மிரண்டார்கள். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பா வீட்டார் முதலில் வேனை விட்டு இறங்கவே இல்லை. பானுதான் அண்ணன் உட்பட ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினாள். கையெழுத்து வாங்கினாள். ரத்தமும் அவளே எடுத்தாள். இருபத்து மூன்று குழாய்கள். கடைசியாகத் தன் கையில் எடுக்கத் தமிழ்நிலாவிடம் ஊசியைக் கொடுத்தாள்.

"ஆறு மாசத்துல சொல்லிருவோமுங்க" என்றாள் தமிழ்நிலா, ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டே.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. போன் செய்தால், "போய்க்கிட்டு இருக்குதுங்க" என்று பதில் வரும். பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்றானது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எங்கே போனாலும், "என்னத்தா, எங்க ரத்தமெல்லாம் என்னாச்சு?" என்று கேட்பார்கள். பெரிய ஆராய்ச்சி, நாளாகும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்தது.

அவளுக்கு அந்த ரிசல்ட் மற்றவர்களைவிட அவசரமாக வேண்டியிருந்தது. மாடியில் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் ராபினுக்கும் அவளுக்கும் பழக்கம். கோயிலா சர்ச்சா என்று இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஒருவழியாகச் சம்மதித்திருந்தார்கள். இவள்தான் தடுத்தாள்.

"ரிசல்ட் வரட்டும் ராபின். எனக்கு இருந்துச்சுன்னா உங்க தலையில என்னையக் கட்ட மாட்டேன்."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் கேட்டேனா?"

"நீங்க கேக்க மாட்டீங்க. நாளைக்கு நம்ம பிள்ளை கேக்கும்ல."

ராபின் இரண்டு வருஷம் காத்திருந்தான். பிறகு ஒரு மே மாதம் கல்யாணப் பத்திரிகையை அவள் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டான். இப்போது அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

பானு கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். அந்த மே மாதத்துக்கு முந்தைய மார்ச்.

"டாக்டர், இதுல எங்கப்பா எது?"

ஏஞ்சலின் விரலால் காட்டினார். கறுப்புக் கட்டம், மேலே குறுக்குக் கோடு. அதிலிருந்து கீழே இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு கட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஒரு வட்டம், உள்ளே ஒன்றுமில்லை.

"புள்ளின்னா என்ன டாக்டர்?"

"இன்னும் நோய் வரலை, ஆனா மரபணு இருக்குன்னு அர்த்தம்." ஏஞ்சலின் மெதுவாகச் சொன்னார். "வெறும் வட்டம்னா இல்லை."

ஒரு கணம் பானுவின் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. மறு கணமே அண்ணன் விக்னேஷ்குமார் நினைவுக்கு வந்தான். தன் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே கூசியது. ஏஞ்சலின் அதற்குள் படத்துக்கு அடியிலிருந்த பொடி எழுத்துகளை வாசித்துவிட்டு உதட்டைக் கடித்தார்.

"பானு, செத்தப் பொறு. குடும்பத்தோட அடையாளத்தை மறைக்கிறதுக்காக, சில பேரை ஆணாகவும் பொண்ணாகவும் மாத்திப் போட்டிருக்காங்களாம். பிறந்த வரிசையையும் மாத்திட்டாங்களாம். இதை வச்சு எதையும் முடிவு பண்ணாத."

"யார்கிட்டயிருந்து மறைக்கிறாங்க டாக்டர்?" பானுவின் குரல் உயர்ந்துவிட்டது. "எங்ககிட்டயிருந்தா?"

மறுநாளிலிருந்து போன் போட ஆரம்பித்தாள். நிறுவனத்தின் பொது நம்பரில் இந்தியில் பேசினார்கள். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பாட்டு ஓடியது. கட்டுரையிலிருந்த தலைமை விஞ்ஞானியின் முகவரிக்கு மூன்று மெயில் அனுப்பினாள். விடுமுறையில் இருக்கிறார் என்று தானாகப் போகும் பதில் ஒன்றே மூன்று முறை வந்தது. தமிழ்நிலாவைத் தேடிப் பிடிக்கப் பதினோரு நாள் ஆனது. இப்போது வெளிநாட்டில் இருந்தாள். வீடியோவில் வந்தாள்.

"பானுங்களா? நல்லா இருக்கீங்களா?"

"ஆறு மாசம்னு சொன்னீங்களே, நல்லாருக்கேனான்னு இப்பக் கேக்குறீங்க."

தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள். "தனித்தனியா ரிசல்ட் தர மாட்டோம்னு படிவத்துல ஏழாவது பாராவுல இருக்குதுங்க."

பானுவுக்கு நினைவிருந்தது. அந்தப் பாராவை அவளே வாசித்துக் காட்டியிருந்தாள். அது ஏதோ சட்டத்துக்காக எழுதியது, எப்படியும் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வாசித்தாள்.

"நீங்க ஆறு மாசம்னு வாயால சொன்னதை நான் நம்புனேன். என்னைய எங்க ஆளுக நம்புனாங்க."

"நான் அப்பச் சின்னப் பொண்ணுங்க. குடுப்பாங்கன்னுதான் நானும் நெனச்சேன். குழாய்க்கெல்லாம் நம்பர் போட்டுட்டாங்க. எந்த நம்பர் யாரோடதுன்னு சார்கிட்ட மட்டுந்தான் இருக்குதுங்க. சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப அவர் டிராயர்ல இருக்கு. எனக்கு வியாதி இருக்கா இல்லையாங்கிறது அவர் டிராயர்ல கெடக்கு. அப்படித்தானே?"

தமிழ்நிலா ஒரு பழைய டைரியை எடுத்துப் புரட்டினாள். கடைசியில், ஆராய்ச்சி முறைகளை மேற்பார்வை செய்யும் நன்னெறிக் குழு ஒன்று அங்கே உண்டு, அதற்கு எழுதுங்கள் என்று முகவரி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பானு ஊருக்குப் போனாள். பொன்னழகு அத்தை கட்டிலில் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஒரே குழறல்; பழகியவர்களுக்குத்தான் புரியும். நோய் வந்தவர்களைப் படத்தில் கறுப்பாக அடித்திருக்கிறார்கள் என்று பானு சொன்னதும், "நான் கறுப்பாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஊரைக் கூட்டி ரத்தம் எடுத்தது நீயி. இப்ப அம்புட்டுப் பேருக்கும் என்ன பதில் சொல்லப் போற?"

"அதுக்குத்தாண்ணே எழுதப் போறேன்."

"எழுதி? மருந்து இருக்கா இதுக்கு?"

"இல்ல."

"பெறகென்ன மயித்துக்குத் தெரிஞ்சுக்கணும்? எனக்குத் தெரிய வேணாம். என் பேரை அதுல இழுக்காத."

அவள் ஏஞ்சலினை உட்காரவைத்து, நன்னெறிக் குழுவுக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். ஒன்பது வாரம் பதில் இல்லை. நினைவூட்டி எழுதினாள். பதிமூன்றாவது வாரம் பதில் வந்தது. கட்டுரை விதிகளுக்கு உட்பட்டே வெளியிடப்பட்டது. ஆய்வுக்கூடத்து முடிவுகளை நோயாளிகளுக்குத் தருவது முறையல்ல. ஆயினும் குடும்பத்தாரின் கவலையைக் கருத்தில் கொண்டு, விரும்புகிறவர்களுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யப்படும். வருத்தம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை.

"மறுபடியும் ரத்தமா?" என்றாள் பானு. "ஏற்கெனவே குடுத்தது கெட்டா போச்சு?"

"சண்டை போட்டு இம்புட்டாவது வந்துச்சேன்னு நெனச்சுக்க" என்றார் ஏஞ்சலின்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முகாம் நடந்தது. இருபத்து மூன்று பேரில் தன்னைத் தவிர உயிரோடிருந்த பத்தொன்பது பேருக்கும் பானு போன் போட்டிருந்தாள். அவளையும் சேர்த்து வந்தது ஐந்து பேர். இன்னொரு தடவை ஏமாற மாட்டோம் என்று நெய்க்காரப்பட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பொண்ணு பார்க்க வருகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றார் ஒரு சித்தப்பா. அண்ணன் போனை எடுக்கவே இல்லை.

ஆலோசனை சொல்ல வந்த பிரிஸ்கில்லா என்ற பெண் ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசினாள். தெரிந்துகொள்வதும் உங்கள் உரிமை, தெரியாமல் இருப்பதும் உங்கள் உரிமை என்றாள். "தெரியாம இருக்கிற உரிமையைத்தான் ஆறு வருஷமா அனுபவிச்சுட்டோமே" என்றாள் பானு. அந்தப் பெண் அதைத் தன் படிவத்தில் எங்கே எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினாள்.

ரிசல்ட் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது.

பிரிஸ்கில்லா மறுபடி திண்டுக்கல் வந்து, கதவைச் சாத்திவிட்டு, நேரில் சொன்னாள். "உங்களுக்கு இல்லைங்க பானுப்ரியா. எழுத்துக எல்லாம் சரியான எண்ணிக்கையில இருக்கு. உங்களுக்கு வராது. உங்க மூலமா யாருக்கும் போகவும் செய்யாது."

அழுகை வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வந்தது ஆத்திரம். மூன்று வாரம்! முப்பத்து மூன்று வயதாகிறது அவளுக்கு. இருபத்து ஏழு வயதில் எடுத்த ரத்தம். இந்த ஒரு வார்த்தையை அந்த மார்ச் மாதமே ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாமே. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தவள் குடிக்காமல் டொக்கென்று வைத்தாள். பிரிஸ்கில்லா பயந்துபோய், "சந்தோஷமான விஷயந்தானே?" என்றாள்.

"சந்தோஷந்தான்" என்றாள் பானு. "யார் மூஞ்சியில போய் இதைக் கொட்டுறதுன்னுதான் தெரியல."

வெளியே வந்த பிறகுதான் அந்தப் புள்ளி வைத்த கட்டம் ஞாபகம் வந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்று படம் சொன்னது. ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்டிருந்தாலும், தனக்கு இல்லையென்றால் மற்றது அண்ணன்தான். படத்தை நம்ப வேண்டாம் என்றுதான் பிரிஸ்கில்லாவும் சொன்னாள். ஆனாலும் நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை. தெரிய வேண்டாம் என்று அண்ணன் சொன்னதை, அவனைக் கேட்காமலே தான் தெரிந்துகொண்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது.

ஊருக்குப் போனபோது அண்ணன் மல்லிகைக்கு மருந்தடித்துவிட்டு, பம்புசெட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான். இவள் ரிசல்ட்டைச் சொன்னதும் ஈரக் கையோடு அவள் தலையைப் பிடித்து ஆட்டினான். "தப்பிச்சிட்டேத்தா!" உண்மையான சந்தோஷம். மதினியைக் கூப்பிட்டு, சாயங்காலம் கோழி அடிக்கச் சொன்னான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன? என்னையப் பத்தியும் அதுல ஏதும் இருக்கா?"

"நீ வேணாம்னு சொன்ன."

"ஆமா. வேணாம்."

"அப்பக் கேக்காத."

துண்டால் கையைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கால்களைப் பார்க்கக் கூடாது என்று பானு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அவன் மேலும் கோபமாக வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது.

"சரி" என்றான் கடைசியில். "எம் மக பாப்பா இருக்காள்ல, அவளுக்காகவாச்சும் என்னைக்காவது தெரியணும்னு தோணுச்சுன்னா நான் யார்கிட்டக் கேக்கணும்?"

நிறுவனத்திலிருந்து குடும்பத்தாருக்கென்று ஒரு உதவி எண் கொடுத்திருந்தார்கள். பானு சொல்லச் சொல்ல அவன் போனில் பதிந்துகொண்டான். சரியான நம்பர்தானா என்று பார்க்க அங்கேயே அடித்தும் பார்த்தான். ஸ்பீக்கரில் மணி அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வேலை நேரந்தானே இது?" என்றான் அண்ணன்.

பானு தன் போனை எடுத்து, அதே நம்பரைத் திரும்ப அழுத்தினாள்.