பிழையான விடை: கார்லோ தொனேத்தி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. 2023 மார்கழியில், பேர்ண் நகரின் ஒய்ரோபாபிளாட்ஸ் தரிப்பிடத்தில் ட்ராமுக்காக நின்றபோது மகேஸ்வரன் சொன்னது. ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்பவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான்கு ட்ராம்களைப் போகவிட்டோம்.

"எழுதுங்கோ அண்ணை. ஊரின்ரை பேரை மட்டும் போடாதேங்கோ. நான் இன்னும் அங்கைதான் இருக்கிறன்."

போடவில்லை. கார்லோ தொனேத்தி என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1913. ஜெனீவாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் இரத்தமும் வியர்வையும்—"

நிறுத்திவிட்டேன். சண்டை நடந்தது மண்டபத்துக்குள். மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன?

2

மகேஸ்வரன் 2009இல் வந்தவர். ஆண்டைச் சொன்னாலே மற்றது உங்களுக்கு விளங்கும்; ஆகவே அந்தப் பகுதி இங்கே இல்லை.

அவரை வைத்திருந்த அகதிகள் விடுதியில் ஒரு புத்தகத் தட்டு இருந்தது. அதில் பழைய தொலைபேசிப் புத்தகங்கள், ஒரு தையற்கலை நூல், 1934இல் அச்சான ஒரு குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கை வரலாறு. அகராதியோடு உட்கார்ந்து எட்டு மாதத்தில் அதை வாசித்து முடித்தார். அவருடைய ஜேர்மன் மொழி அந்தப் புத்தகத்தில் பிறந்தது. குசினியில் தலைமைச் சமையற்காரர் "களைப்பா?" என்று கேட்டால், "இன்னும் இரண்டு சுற்றுத் தாங்குவேன், மதிப்புக்குரிய ஐயா" என்பார். சட்டி கழுவுபவர் தங்கள் பாட்டன் பேசிய மொழியைப் பேசுகிறாரே என்று அவர்கள் சிரிப்பார்கள்.

3

இனி, அந்தப் புத்தகத்தில் வரும் தொனேத்தி.

தகப்பன் இத்தாலியர், ரயில் சுரங்கம் வெட்டும்போது வெடியில் செத்தார். மகன் பதினைந்து வயதில், மகேஸ்வரன் இப்போது இருக்கும் அதே ஊரின் மா ஆலையில் மூட்டை சுமந்தான். 1908இல் ஊருக்கு ஒரு பொழுதுபோக்குக் கூடாரம் வந்தது. அதன் குத்துச்சண்டைக்காரனுக்கு எதிராக மூன்று சுற்று நின்றால் ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு. தொனேத்தி இடக்கைக்காரன். அடி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரிய முன்னரே, இரண்டாம் சுற்றில் எதிராளி விழுந்துவிட்டான். கூடாரக்காரர் பன்றித்தொடையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மகனைக் கூட்டிப்போனார்.

ஐந்து வருடம் கழித்து, ஜெனீவாவில், பதினான்காவது சுற்றில், தொனேத்தி நடுத்தர எடைச் சாம்பியன். ஊர் வாத்தியக் குழுவோடு ரயிலடிக்கு வந்தது. சுவரெல்லாம் "எங்கள் ஊர்ச் சிங்கம்". அடுத்த மாதம் சிங்கம் அந்த ஊரின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தது. இந்த நாட்டில் குடியுரிமையை முதலில் ஊர்தான் கொடுக்கவேண்டும். மறுத்தார்கள். காரணம்: நிலையான தொழில் இல்லை.

ஆறு வருடம் பட்டத்தை வைத்திருந்தார். பாரிஸில் ஒரு சண்டையில் வலக்கண் போயிற்று. ஒருவருக்கும் சொல்லாமல், தலையைச் சற்றே திருப்பிப் பிடித்து இன்னும் இரண்டு சண்டை வென்றார். மூன்றாவதில் எதிராளி கண்டுபிடித்துவிட்டான்.

மறுபடி ஆலைக்குப் போனார். நிலையான தொழில். 1921இல் மறுபடி விண்ணப்பித்தார். மறுத்தார்கள். காரணம்: ஒற்றைக் கண்ணர் நாளைக்கு ஊருக்குப் பாரமாகலாம்.

(இந்த இடத்தில் அவர் அலுவலக மேசையை ஓங்கிக் குத்தியதாக எழுதியிருந்தேன். மகேஸ்வரன் வெட்டச் சொன்னார். "அவர் மேடைக்கு வெளியிலை ஒருத்தருக்கும் கை நீட்டாத மனிசன், அண்ணை.")

இத்தாலியை ஒருநாளும் காணாத இத்தாலியராக, அந்த ஊரிலேயே முடிந்தார்.

4

2021இல் மகேஸ்வரன் அதே ஊரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். மனைவி ஜெயமலர் முதியோர் இல்லத்தில் வேலை. விண்ணப்பத்தில் அவருடைய பெயரும் இருந்தது. இருவரிடமும் அகதிப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போக முடியாது. ஜெயமலரின் தாய் வவுனியாவில் படுக்கையில் கிடந்தார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஜெயமலர் முதலில் போய் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு மகேஸ்வரன். ஏரியின் ஆழம், குப்பைப் பையின் நிறம், ஊர்ச் சபையில் எத்தனை பேர், எல்லாம் சரி. பிறகு தலைவி கேட்டார்:

"எங்கள் ஊர் விளையாட்டு வீரர் ஒருவரைச் சொல்லுங்கள்."

இதற்கு விடை ஒரு பனிச்சறுக்கு வீரர். ஜெயமலர் மூன்று கிழமையாகப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்.

"கார்லோ தொனேத்தி" என்றார் மகேஸ்வரன்.

"அப்படி ஒருவர் இல்லையே."

மகேஸ்வரன் அந்த 1934ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஜேர்மன் மொழியில் பத்து நிமிடம் பேசினார். பன்றித்தொடையிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் வரை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாளில் இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம் வந்தது: ஊரைப் பற்றிய அறிவு போதாது. ஆறு மாதம் கழித்து வரவும்.

ஏன் அப்படிச் சொன்னார்? இங்கேதான் என் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. "நூறாண்டு அவமானம் அவர் தொண்டையில்—" என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அவரையே கேட்டேன்.

"அந்தச் சறுக்குக்காரனை எனக்குத் தெரியாது, அண்ணை. இவரைத் தெரியும்."

நான் நம்பவில்லை. ஜெயமலரும் நம்பவில்லை. "பன்ரண்டு வருசம் பொறுத்தனாங்கள். ஒரு பேர். ஒரே ஒரு பேர். அதைச் சொல்ல ஏலாமல் போச்சோ?" என்று கடிதம் வந்த அன்றே அவரைக் கேட்டிருக்கிறார்.

5

ஆறு மாதத்தின் பின் அதே அறை. இம்முறை தலைவியின் முன்னால் ஒரு பழைய கோப்பு இருந்தது.

"திரு மகேஸ்வரன், ஆவணக் காப்பகத்தில் தேடினோம். நீங்கள் சொன்னது முழுவதும் உண்மை."

மகேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆகவே உங்கள் விடை பிழை. அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. இரண்டு தடவை மறுத்திருக்கிறோம்."

தலைவி கேலியாகப் பகிடி விடவில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல, அன்பாகச் சொன்னார். பிறகு கோப்பை மூடினார்.

"மறுபடி கேட்கிறேன். எங்கள் ஊர் விளையாட்டு வீரர் ஒருவரைச் சொல்லுங்கள்."

6

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் சறுக்கு வீரரைச் சொல்கிறார். அதில் மகேஸ்வரன் குறுகிப்போனார். மற்றதில் மறுபடி தொனேத்தி என்கிறார், தலைவி கண் கலங்கிக் கையொப்பமிடுகிறார். அப்படி ஒரு தலைவியை நான் இந்த நாட்டில் காணவில்லை. இரண்டையும் கிழித்தேன்.

நடந்ததில் இவ்வளவுதான் எனக்குத் தெரியும். 2023 வசந்தத்தில் சிவப்புக் கடவுச்சீட்டு இரண்டு வந்தன. ஜெயமலர் போய்த் தாயோடு பதினாறு நாள் இருந்தார்.

அந்த அறையில் என்ன சொன்னார் என்று மகேஸ்வரன் எனக்குச் சொல்லவில்லை. அன்று ஐந்தாவது ட்ராம் வந்தது, ஏறிவிட்டார். ஜெயமலரிடம் போய்க் கேட்டேன்.

"நானும் கேட்டனான். சொல்லுறாரில்லை. நான் கதவுக்கு வெளியிலை இருந்தனான். உள்ளுக்கை அவர் ஒரு பேர் சொன்னது கேட்டது. என்ன பேரெண்டு விளங்கேல்லை."

வாசகரே, அந்தக் கதிரையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். மூன்று பேர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கதவுக்கு வெளியே ஜெயமலர் இருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொண்டு ஒரு பெயர் சொல்லுங்கள்.