வெடிக்குள் இருந்த மூஞ்சி

வந்த கோபத்துக்குச் செல்லத்தாய் கையிலிருந்த போனைச் சுவரில் எறிந்திருப்பாள். வடக்கே தனி மாநிலம் கேட்டுப் போராடும் ஓர் ஊரில் அவள் புருஷன் இசக்கிப்பாண்டியைப் பட்டாசு லாரியோடு பிடித்து வைத்திருந்தார்கள். அவன் இறக்கிய சரவெடியை அவர்கள் ஊர்வலத்தில் கொளுத்த, சிதறிய காகிதத்தில் அவர்கள் தலைவரின் பாதி மூஞ்சி கிடந்ததாம். அதைக் கூட்டம் மிதித்துவிட்டதாம். தெற்கத்திக்காரன் திமிராம். மன்னிப்புக் கேட்டால்தான் ஆளை விடுவார்களாம்.

அடப் பாவிகளா, இதில் திமிர் எங்கே வந்தது! நாட்டிலுள்ள எல்லாக் கட்சிக்கும் போஸ்டர் அடிப்பது சிவகாசியில்தான். அந்தக் கழிவுத் தாளை வாங்கி ஆமத்தூரில் வெடிக்குக் குழாய் சுற்றுவது செல்லத்தாயின் பிழைப்பு. யார் மூஞ்சி என்று எவள் பார்த்துச் சுற்றினாள்?

சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கு ஓடினாள். "ரெண்டு மாநில விவகாரம்மா, மேல எழுதியிருக்கோம்" என்று அதிகாரி கையை விரித்தார். திரும்பி வந்தால் உள்ளூர்க் கட்சிச் செயலாளர் ராஜபாண்டியன் ஆட்களோடு அவள் குழாய் சுற்றும் கொட்டகை வாசலில் நின்றான்.

"மன்னிப்பு கின்னிப்புனு வாயத் தெறந்திராதீக யக்கா. நம்ம மாநிலத்து மானம் போயிரும்."

"அங்கன அடிவாங்கிட்டு ஒக்காந்திருக்கது நீயாலே? எம் புருசன்!"

அவன் கண்ணெதிரே புருஷனுக்கு வீடியோ காலைப் போட்டாள். அவனைப் பிடித்து வைத்தவர்களும் போனை எட்டிப் பார்த்தார்கள். சுற்றிவைத்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள்.

"பாருங்கய்யா, ஒங்க தலைவரு மட்டுமா இருக்காரு? இது டெல்லிக்காரரு. இது ஒங்களுக்கு ஆகாதவரு." அடுத்த குழாயில் ராஜபாண்டியனின் தலைவர் கும்பிட்டுச் சிரித்தார். "இவரு எங்கூருக்காரரு. அம்புட்டுப் பேரையும் ஒண்ணாத்தான் சுத்துறேன். மன்னிச்சு எம் புருசன விட்டுருங்க."

இசக்கிப்பாண்டி அதை இந்தியில் சொன்னதும் அங்கே சிரித்துவிட்டார்கள். லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே ஒருத்தனும் சிரிக்கவில்லை.

"எங்க தலைவரையே வெடிக்குள்ள வச்சுக் கொளுத்துறியா? அத அந்நியனுக்கு வேற காட்டுறியா?" ராஜபாண்டியன் கத்தினான். யக்கா என்ற வார்த்தை எங்கோ போய்விட்டது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊருக்குள் வரும் ரோட்டில் கல்லையும் கட்டையையும் இழுத்துப் போட்டார்கள்.

வழியில் வருகிறவனிடம் இதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆறாம் நாள் இசக்கிப்பாண்டி கூப்பிட்டான். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"செல்லத்தாயி, விருதுநகர் வந்துட்டேன். இனி நம்ம ஊருதான, ஒரு பயமுமில்ல."

செல்லத்தாய் ரோட்டைப் பார்த்தாள். ராஜபாண்டியன் ஆட்கள் இன்னும் கம்போடு நின்றார்கள்.

"வராதீக," என்றாள். "அங்கனயே எங்கயாச்சும் நில்லுங்க. இங்கனயும் லாரிய மறிக்க நிக்கானுக."