பதினேழாம் நம்பர் வீடு

ரெம்பியாவில் புதிதாக வந்த தாமான் குடியிருப்பில் எங்களுக்குக் குலுக்கலில் விழுந்தது எட்டாம் நம்பர் வீடு. சனியின் எண் என்று என் மனைவி விஜயராணி உள்ளே காலெடுத்து வைக்கவே மறுத்துவிட்டாள். சீனர்களுக்கோ எட்டு என்றால் உயிர். வாரக்கணக்கில் டெவலப்பர் ஆபீசுக்கு அலைந்து, லிம் என்ற சீனரோடு வீட்டை மாற்றிக்கொண்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பதினேழாம் நம்பர் கிடைத்தது.

புதுச் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஒண்ணும் ஏழும் எட்டுங்க."

கணக்கு வாத்தியாரான நான் இதைக் கவனிக்காமல் விட்டது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எட்டோட ஒம்பது ஒம்பதா கூட்டிக்கிட்டே போ. பதினேழு, இருபத்தாறு, முப்பத்தஞ்சு. எதோட இலக்கத்தைக் கூட்டினாலும் கடைசியில எட்டுதான் வரும். இதுக்கு முடிவே இல்ல. எங்கதான் ஓடுறது?"

சாவியை அவள் முன்னால் வைத்தேன்.

"நான் பொறந்ததே இருபத்தாறாம் தேதி. என்னை மட்டும் எப்படிக் கட்டிக்கிட்ட?"

விஜயராணி சாவியை என் பக்கமே தள்ளினாள்.

"அதான் சொல்றேன். வீட்டுக்கு ஒரு எட்டு போதும்லா."