அறையில் இருந்த ஒரே ஆள்

ஆளைப் பிடிப்பதும் நான், நீதிமன்றத்தில் நின்று அவன்மேல் வழக்கு நடத்துவதும் நான். இன்ஸ்பெக்டர் கணேசமூர்த்தி என்றால் மலாக்காவில் எட்டு வருடமாக அப்படித்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த இரண்டாம் வருடம் ஓர் உத்தரவு வந்தது. இனி போலீஸ் பிடித்தால் போதும். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதைத் தனி இலாகாவின் அரசு வழக்கறிஞர் முடிவு செய்வாராம். சமைத்தவனிடம் போய், நீ பரிமாறாதே என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தவர் பெயர் சொக்கப்பன். உள்ளூர்ச் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, லண்டனில் படித்தவர், முப்பது வயதுகூட இருக்காது. பண்டார் ஹிலிரில் ஒரு மாடியறையில் அலுவலகம்.

நான் கொண்டுபோன முதல் வழக்கு வேலாயுதத்தினுடையது. காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரன், தபால் நிலையத்தில் பியூன். பொங்கலுக்கு முதல் நாள் மாலை அவன் வீட்டில் ஒரு போத்தல் சம்சு, கள்ளச் சாராயம், பிடித்திருந்தேன். தண்டனை கிடைத்தால் அரசாங்க வேலை போய்விடும், மூன்று பிள்ளைகள் என்று மலாயில் கெஞ்சினான். பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டிகளின் கிராமம் அது; அந்தக் கம்பத்தில் யாருக்கும் தமிழ் வராது. சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டேன்.

சொக்கப்பன் என் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“போத்தல் எங்க இருந்துச்சு, இன்ஸ்பெக்டர்?”

“முன்னறையில சார். வாழை இலையில சோறு, கறி, பக்கத்துல இது.”

“வேலாயுதம்?”

“வெளியில நின்னான். சொந்தக்காரங்க இருபது பேரும் வெளியிலதான். கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. அதான் சார் சந்தேகம் வந்துச்சு.”

அவர் சிரித்துவிட்டார். “அது செத்துப்போன பெரியவங்களுக்குப் படையல். அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டாளுங்க உள்ள போகமாட்டாங்க. படையலுக்கு ஆளாளுக்கு ஒன்னு கொண்டு வருவாங்க. போத்தல் யாரு கொண்டு வந்ததுன்னு விசாரிச்சீங்களா?”

“அவன் வீடுதானே சார்.”

“விசாரிக்கல. சரி, உங்க அறிக்கைப்படி அந்த அறையில போத்தல் பக்கத்துல உசுரோட இருந்தது ஒரே ஆளு.” பேனாவை என் பக்கம் நீட்டினார். “நீங்கதான். உங்க மேலயே கேஸ் போட்டுடலாமா?”

கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அறிக்கையை இழுத்து நானும் ஒரு முறை படித்தேன். எட்டு வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போகாமல் இருந்திருப்பார்கள்? அதை நினைத்தபோது வெட்கமாகிவிட்டது. வழக்கு இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிக்கட்டின் அடியில் தபால் நிலையச் சீருடையோடு வேலாயுதம் நின்றுகொண்டிருந்தான். வழக்கு இல்லை, வேலைக்குப் போ என்று மலாயில் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று துவான், ஐயா நீங்கள், உள்ளே நுழைந்ததில் தாத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார், வெள்ளிக்கிழமை மறுபடி படைக்கிறோம், கட்டாயம் வரவேண்டும் என்றான்.

போனேன். இந்தத் தடவை போத்தலுக்கு லைசென்ஸ் கடை ரசீது வைத்திருந்தான், கேட்காமலே காட்டினான். வாசலில் இருபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படையல் போட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவைச் சாத்தும்போது வேலாயுதம் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் இரண்டடி பின்னால் போய் அவர்களோடு நின்றுகொண்டேன்.